அறுபத்தெட்டுப் பக்க நிறுவல்

என் அண்ணா ஒரு கணிதவியலாளர். இந்த வசனத்தை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. வங்கி வரிசையில், கல்விக் கந்தோரில், மரண வீட்டில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "நீங்கள் அவற்ற தங்கச்சியல்லோ?" என்று தொடங்குவார்கள். ஓம் என்பேன். அதோடு என் பாகம் முடிந்துவிடும். பிறகெல்லாம் அவரைப் பற்றிய கேள்விகள்தான். எப்போது வருவார், என்ன கண்டுபிடித்தார், அதனால் யாருக்கு என்ன பிரயோசனம், தங்கள் மகனுக்குக் கணக்கு ஓடுதில்லை, ஒருக்கால் அவரோடு கதைக்க விடமுடியுமா. நானும் முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பிள்ளையை என்னிடம் கொண்டுவரமாட்டார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, அண்ணாவும் நானும் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர் மன்னாரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். புதிதாகக் கட்டிய கணித ஆய்வுகூடத்துக்கு அண்ணாவின் பெயரை வைக்கப்போகிறார்களாம். அதற்கு அண்ணாவையும் அழைத்து விழா எடுத்து, ஒரு மலரும் வெளியிடுகிறார்களாம். அதில் 'வாழ்வும் சாதனைகளும்' என்று நான்கு பக்கம் வேண்டுமாம்.

"டீச்சர், உங்களை விட்டா ஆர் எழுதுறது?" என்றார்.

தவணைப் பரீட்சைத் தாள்கள் மூன்று கட்டு மேசையில் திருத்தாமல் கிடந்தன. முழங்கால் வலி. மறுத்திருக்கலாம். உள்ளே கதிரையில் இருந்த அம்மா, "எழுதுவா, எழுதுவா. அவளுக்கு வேற என்னா வேல?" என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி இத்தனை காலமாகியும் பேச்சு இன்னும் மலையில்தான் இருக்கிறது.

வாழ்வை எழுதுவது சுலபமாக இருந்தது. கலவரத்தில் லயத்து வீட்டை இழந்த அப்பாவும் அம்மாவும் அண்ணாவை நடத்தியும் என்னைத் தூக்கியும் கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். நறுவிலிக்குளத்தில் ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டார்கள். அப்பா கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்குக் கூலிக்குப் போனார். அண்ணா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வகுப்பில் வாத்தியார் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லி அடி வாங்கியவர். அரிவு வெட்டுக் காலத்தில் அப்பாவோடு வயலுக்குப் போய் வந்துகொண்டே உயர்தரம் படித்தார். முதல் தரமாகச் சித்தியடைந்தார். புலமைப்பரிசிலில் வெளிநாடு போனார். அங்கேயே பேராசிரியரானார். ஒரு நிறுவலுக்காகப் பெரிய பரிசொன்றும் வாங்கினார். இதையெல்லாம் இரண்டு நாளில் எழுதிவிட்டேன்.

சாதனையில்தான் சிக்கிக்கொண்டேன். இதற்கு முன் அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் 'உலகமே வியந்த கண்டுபிடிப்பு' என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். எது, எப்படி, ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை. செய்கை காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். வாசிக்காமல் 'நிறுவினார்' என்று எப்படி எழுதுவது? அண்ணா முன்பு அனுப்பிவைத்திருந்த கட்டுரையைத் தேடியெடுத்து, பள்ளிக்கூடத்து இயந்திரத்தில் அச்செடுத்தேன். அறுபத்தெட்டுப் பக்கம்.

பஸ்ஸில்தான் வாசித்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றேகால் மணித்தியாலம். பாலத்தைக் கடக்கும்போது உப்புக்காற்று கண்ணில் அடிக்கும், கடதாசி பறக்கும். முதல் பக்கத்துக்கு மூன்று வாரம் எடுத்தது. ஒரு வரியை விளங்க நான்கு வேறு புத்தகம் பார்க்கவேண்டியிருந்தது. போகப்போகக் கொஞ்சம் வேகம் பிடித்தது. பக்கத்தில் இருப்பவர்கள் ஜெபப் புத்தகமோ என்று எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் விடயம். ஊர்களையும் றோட்டுகளையும் நினைத்துக்கொண்டால் போதும். ஒரு குறிப்பிட்ட வகையான வலையமைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் கோடுகளை நான்கே நிறங்களால் ஒரு விதிக்கு அமையத் தீட்டிவிடலாம் என்று கணிதக்காரர்கள் நெடுங்காலமாக நம்பியிருக்கிறார்கள். நிறுவ முடியவில்லை. அண்ணா செய்தது, வலையமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் கையால் தீட்டக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டியது. எங்கே வெட்டவேண்டும் என்று கண்டதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது. இருபதாம் பக்கத்தில் அது எனக்கு விளங்கியபோது பஸ்ஸிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் அண்ணா எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை ஊர் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் 'நன்கு அறியப்பட்டபடி' என்று தொடங்கி ஒரு சின்னத் துணைத்தேற்றம் வந்தது. அதற்கு நிறுவல் கொடுக்கப்படவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையில்தான் பார்ப்பேன். சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்பது. பரீட்சைத் தாளொன்றின் பின்பக்கத்தில் நான்கு புள்ளி வைத்தேன். சரிவந்தது. ஐந்து, ஆறு. சரிவந்தது. ஏழு புள்ளியில், அதில் இரண்டில் இரண்டிரண்டு கோடு மட்டும் சேரும்படி வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

பிழை என்னுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? இரண்டு கிழமை திரும்பத் திரும்பப் போட்டேன். வகுப்பில் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருக்க நான் கரும்பலகையின் மூலையில் ஏழு புள்ளி வைத்துக்கொண்டு நின்றேன். எப்படித் தீட்டினாலும் வரவில்லை. அந்தத் துணைத்தேற்றம் விழுந்தால் நாற்பத்தோராம் பக்கத்துக்குப் பிறகு வருவது எல்லாம் விழும். பரிசு, பெயர், ஆய்வுகூடம், எல்லாம் அந்த அறுபத்தெட்டுப் பக்கத்தின் மேல் நின்றன. விழாவுக்கு ஆறு கிழமை இருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணா வரப்போகிறார் என்று அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டால் என்ன? இத்தனை வருடமாக உலகத்தில் ஒருவரும் காணாததை முசலிக்குப் பஸ் ஏறுகிற ஒரு டீச்சர் கண்டாள் என்று யார் கேட்டது? இப்படியும் யோசித்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனதின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. எனக்கும் பல்கலைக்கழகம் கிடைத்தது, கணிதத்துக்குத்தான். அந்த வருடம் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. அண்ணா வெளிநாட்டில். அம்மாவோடு யாராவது இருக்கவேண்டும். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கலியாணமும் அப்படியே தள்ளித் தள்ளிப் போய் நின்றுவிட்டது. இதற்கெல்லாம் அண்ணா பொறுப்பில்லை என்று தெரியும். தெரிந்தாலும் ஆத்திரம் போய்விடுமா?

ஒரு ஞாயிறு காலை அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, நாப்பத்தொராம் பக்கத்திலை ஒரு துணைத்தேற்றம் போட்டிருக்கிறியளெல்லோ?"

"நீ அதை வாசிக்கிறியோ?" அவருக்குச் சிரிப்பு. "மலருக்கு அவ்வளவு தேவையில்லை, தங்கச்சி."

"அது ஏழு புள்ளிக்குச் சரிவரேல்லை."

"வரும். நீ எங்கையோ பிழை விடுறாய். அது பழைய தேற்றம், புத்தகத்திலையே கிடக்கு. பொறு, படம் எடுத்து அனுப்புறன்."

அனுப்பினார். வட்ஸ்அப்பில் வந்தது அச்சுப் புத்தகத்தின் பக்கமல்ல. பழுப்பேறிய கொப்பித்தாள். அதில் ஆங்கிலத்தில் அந்தத் தேற்றம், மேலே 'அத்தியாயம் ஏழு'. உருண்டை உருண்டையான எழுத்து. என்னுடைய எழுத்து.

அந்தக் கொப்பியை நான் அடியோடு மறந்திருந்தேன். சண்டைக் காலம். கரண்டும் இல்லை, பிரதி எடுக்க இயந்திரமும் இல்லை, கடைகளில் புத்தகமும் இல்லை. தீவுப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் இருந்த சுவாமியிடம் ஆங்கிலத்தில் ஒரு கணிதப் புத்தகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அண்ணா சைக்கிளில் போய் வாங்கிவந்தார். நாங்கள் வேதக்காரர் அல்ல, ஆனாலும் சுவாமி மறுக்கவில்லை. அவருக்கு வேறு பங்குக்கு மாற்றலாகியிருந்தது, பத்து நாளில் திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்போது எல்லோரும் செய்தது போல நாங்களும் புத்தகத்தைக் கையால் கொப்பி பண்ணினோம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, ஆகவே பகலில் மட்டும். காலையில் அண்ணா எழுதுவார். அவர் வயலுக்குப் போனதும் நான் தொடருவேன். எனக்குப் பதின்மூன்று வயது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். சொல்லைச் சொல்லாக எழுதவில்லை, படம் கீறுகிற மாதிரிக் கீறினேன். அந்தக் கொப்பியில் படித்துத்தான் அண்ணா அண்ணாவானார். நாடு விட்டுப் போகும்போது அதைத்தான் முதலில் பெட்டியில் வைத்தார்.

அந்த மூலப் புத்தகத்தை இப்போது இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பின்னேரம் முழுக்கத் தேடி எடுத்தேன். ஏழாம் அத்தியாயம், அதே பக்கம். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கியிருந்தன. நான் முதல் வரியின் தொடக்கத்தை எழுதிவிட்டு, கண்ணை எடுத்துத் திரும்ப வைக்கும்போது கீழ் வரியில் வைத்திருக்கிறேன். இடையில் போன வரி இதுதான்: ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது மூன்று கோடுகள் சேரவேண்டும். தேற்றத்தின் நிபந்தனையே அதுதான். அண்ணா வலையமைப்பை வெட்டிக்கொண்டு போகும்போது இரண்டு கோடு மட்டும் சேரும் புள்ளிகள் வந்துவிடுகின்றன. அங்கே அந்தத் தேற்றத்துக்கு வேலையே இல்லை. பதினெட்டு வயதில் மனதில் பதிந்ததை யார் பிறகு திறந்து பார்க்கிறார்கள்? கட்டுரையைப் பரிசோதித்தவர்களும் 'நன்கு அறியப்பட்டபடி' என்பதை நம்பிப் போயிருப்பார்கள்.

இரண்டு படங்களையும் அண்ணாவுக்கு அனுப்பினேன். 'விட்டது நான்தான்' என்று கீழே எழுதினேன். பார்த்ததாக நீல அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் அம்மா, "அண்ணே பேசுனானா?" என்று கேட்பார். வேலையாக இருக்கிறார் என்பேன். அந்த நாட்களில் பிள்ளைகளை வீணாக ஏசினேன். ஒரு பிள்ளை நிபந்தனையை எழுதாமல் விடையைக் கொண்டுவந்து காட்ட, கொப்பியை வாங்கி மேசையில் அடித்தேன். அது பயந்துபோய் நின்றது. என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் எடுத்தார். குரல் ஒரேயடியாகச் சோர்ந்திருந்தது.

"நீ சொன்னது சரி. எல்லா மாதிரியும் பார்த்திட்டன். ஒட்டேலாது. கட்டுரையைத் திருப்பி எடுக்கப்போறன்."

"விழாவுக்கு வராமல் விடப்போறியளோ?"

"வாறன். அம்மாவைப் பார்க்கவேணும்."

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பரிச திருப்பிக் குடுக்கணுமா?" என்றார். தெரியாது என்றேன். "குடுத்தா குடுக்கட்டும். ஆளு வந்தா போதும்," என்றார்.

அதிபருக்கு விளங்கப்படுத்தியதுதான் பெரும்பாடு.

"அப்ப அந்தத் தேற்றம் பிழையோ, டீச்சர்?"

"பிழையெண்டு இல்லை."

"அப்ப சரி."

"சரியெண்டும் இல்லை. நிறுவல்தான் பிழை. தேற்றம் சரியோ பிழையோ எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் நெற்றியைத் தடவினார். "தெரியாது எண்டு மலரிலை போடேலாது, டீச்சர். பெயர்ப்பலகையும் அடிச்சாச்சு."

நான் எழுதியதை மாற்றாமல்தான் கொடுத்தேன். வெட்டியதன் அழகையும், விழுந்த இடத்தையும், விழுத்தியது யார் என்பதையும் எழுதியிருந்தேன். மலர் வந்தபோது சாதனையைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்துக்குப் பதிலாக ஒரு வரி இருந்தது: 'அன்னாரின் சாதனைகள் சொல்லில் அடங்கா.' கீழே என் பெயர்.

விழாவில் அண்ணா பேசினார். மெலிந்திருந்தார். பொன்னாடை தோளில் நிற்காமல் வழுகிக்கொண்டே இருந்தது. சுற்றிவளைக்காமல், தமிழில், தெளிவாகச் சொன்னார்: "என்னை நீங்கள் எதுக்காகக் கௌரவிக்கிறியளோ, அந்த நிறுவல் பிழை. நான் அதைத் திருப்பி எடுக்கிறன்." கூட்டம் கைதட்டியது. அவர் என்ன சொன்னாலும் தட்டுவதென்று வந்தவர்கள். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், "பாத்தியளே, எவ்வளவு பணிவு," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏசியிருப்பேன்.

அடுத்த நாள் காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணா என்னைக் கூப்பிட்டார். இதழுக்கு அனுப்பவிருந்த கடிதம். எட்டு வரிதான். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், பிழை முழுக்கத் தன்னுடையது என்றும், அதைக் கண்டு சொன்னவர் மன்னாரில் கணித ஆசிரியையாக இருக்கும் தன் தங்கை என்றும் எழுதியிருந்தார்.

"முழுக்க உங்கட பிழையெண்டு ஏன் போட்டனியள்?" என்றேன். "வரியை விட்டது நான். அதையும் போடுங்கோ."

"அது சின்னப்பிள்ளை செய்தது."

"பொய்யை எழுதிக் குடுக்கப்போறியளோ?"

அவர் எழுந்து போய்ப் பையிலிருந்து அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். அதே பக்கத்தைத் திறந்தார். படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்த அடி ஓரத்தில் விரலை வைத்தார். பென்சிலால் ஒரு சின்னச் சரி அடையாளம் இருந்தது.

"பின்னேரம் வயலாலை வந்து நீ எழுதினதையெல்லாம் புத்தகத்தோடை வைச்சுப் பாப்பன். பாத்து முடிச்சாச் சரி போடுவன். இந்தப் பக்கம் பாக்காமல் போட்டிட்டன் போலை. களைப்பாயிருந்திருக்கும். எழுதினது நீ, சரி போட்டது நான். அப்ப பிழை ஆரின்ர?"

அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்தார். நல்ல மனிதர். எனக்கு ஆறுதலாக இல்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் உயர்த்தாத குரலை அன்று உயர்த்தினேன்.

"இருபத்தெட்டு வருசம் படிப்பிச்சிட்டன், அண்ணா. கணிதத்திலை என்ர எண்டு சொல்ல எனக்கு ஒண்டுமில்லை. இந்தப் பிழை ஒண்டுதான் என்ர. அதையும் நீங்கள் எடுக்காதேங்கோ."

அம்மா உள்ளேயிருந்து என்னடி சத்தம் என்று கேட்டார். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'முழுக்க என்னுடையது' என்று எழுதிய இடத்தை அழித்தார். ஒரு விரலால், மெதுவாக, புதிதாக எழுதினார்: மூலநூலைப் பிரதி செய்யும்போது நிபந்தனையைத் தவறவிட்டவரும், பின்னர் அதைக் கண்டுபிடித்தவரும் ஒருவரே. பிரதியைச் சரிபார்க்கத் தவறியவன் நான்.

அதற்குப் பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்ர பேரை எப்பிடிப் போடுறது?"

என் பெயர் அவருக்குத் தெரியாததல்ல. அதை அச்சில் போட இதுவரை அவருக்குத் தேவை வரவில்லை.

"அப்பான்ர பேரோடை போடுங்கோ," என்றேன்.